"சும்மா காசு குடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க"ன்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னா நீங்க என்ன பதில் சொல்றீங்க?

மணல்கடிகை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா நானே ஒரு இழை ஆரம்பிக்கிறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

ஆபீஸ்ல மதியம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறப்போ, சொந்தக்காரங்க கூடற இடத்துல, வாட்ஸப் க்ரூப்புல, எங்க போனாலும் பேச்சு சுத்திச் சுத்தி ஒரு கட்டத்துல அரசாங்க உதவி பக்கம் வந்துடுது. வந்த உடனே அதே வசனங்கதான். சும்மா குடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க, குடுக்கற காசு பூரா குடிக்குத்தான் போகுது, கையில நல்ல ஃபோன் வெச்சிருக்கான் இவனா ஏழை, நான் கட்டற வரில இவங்க உக்காந்து சாப்பிடறாங்க. சொல்றவங்க கெட்டவங்க கிடையாது, அதையும் சொல்லிடறேன், யாருக்காவது ஆஸ்பத்திரி செலவுன்னு கேட்டா முதல்ல பர்ஸ எடுக்கறவங்களும் இவங்கதான்.

என்னை உறுத்தறது என்னன்னா அந்த மேஜைல கூட உக்கார்ற ஒருத்தரோட குடும்பம் இப்பவும் உதவித்தொகைலதான் ஓடுது. அது எனக்கு மட்டும்தான் தெரியும், அவர் சொல்லித் தெரிஞ்சதும் இல்ல. இந்தப் பேச்சு ஆரம்பிச்சா அவர் ஒரு ஃபோன் பேசணும்னு எந்திரிச்சுப் போயிடறாரு.

அவர் விஷயத்த வெளிய விடாம, பிரசங்கமும் பண்ணாம, இத எப்படி எதிர்கொள்றது? புள்ளிவிவரம் சொல்லணுமா, சண்டை போடணுமா, இல்ல பேச்சையே மாத்திடணுமா? யாராவது இதுல ஜெயிச்சிருக்கீங்களா?

கூட்டல்கழித்தல்:

புள்ளிவிவரத்தால ஒருத்தர் மனசும் மாறாதுன்னு அடுத்த பதில்ல யாராவது வந்து சொல்வாங்க, சொல்லட்டும், கைவசம் இருக்கட்டும்னு போடறேன்.

சோம்பேறி வாதம். பொருளாதார ஆராய்ச்சியாளர் அபிஜித் பானர்ஜியும் கூட மூணு பேரும் 2017ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகரகுவா, பிலிப்பைன்ஸ்னு 6 நாட்டுல அரசாங்கமே நடத்தின 7 பண உதவித் திட்டம். எல்லாமே குலுக்கல் முறைல சில பேருக்குக் குடுத்து சில பேருக்குக் குடுக்காம ஒப்பிட்டுப் பாத்தது. பணம் வாங்கினவங்க வேலைய விட்டாங்க, நேரத்தக் குறைச்சாங்கன்னு சொல்ற மாதிரி எதுவும் சிக்கல.

குடி வாதம். உலக வங்கிக்காக எவன்ஸ், போபோவான்னு ரெண்டு பேர் 2014ல 19 ஆய்வுகள ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க. பண உதவி வந்ததால மது, புகையிலை செலவு கூடிச்சுன்னு கிட்டத்தட்ட எங்கயும் தெரியல, சில இடத்துல குறைஞ்சும் இருக்கு.

பின்லாந்துல 2017, 2018 ரெண்டு வருஷம் வேலையில்லாத 2,000 பேருக்கு மாசம் 560 யூரோ குடுத்தாங்க, வேலை கிடைச்சாலும் வெட்ட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவங்க வேலைக்குப் போன நாள் மத்தவங்கள விடக் கொஞ்சம் கூடித்தான் போச்சு, அது பெரிய வித்தியாசம்னு சொல்ல மாட்டேன், ஆனா யாரும் படுத்துத் தூங்கல.

குறுக்குக்கேள்வி:

நான் அந்த மேஜைல அந்த வசனத்த சொல்ற ஆளுன்னே வெச்சுக்கோங்க, எப்பவும் இல்லைன்னாலும் சில நேரம் சொல்லியிருக்கேன். கூட்டல்கழித்தல் ப்ரோ தனக்கு வேண்டியத மட்டும் எடுத்துப் போட்டிருக்காரு. அமெரிக்காவுல 1968ல ஆரம்பிச்சு 80கள் தொடக்கம் வரைக்கும் குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் குடுத்து பெரிய சோதனைகள் நடந்துச்சு, நியூஜெர்சில தொடங்கி சியாட்டில், டென்வர் வரைக்கும். அதுல வேலை நேரம் குறைஞ்சுதான் போச்சு. ரொம்ப இல்ல, அதுலயும் குடும்பத்துல ரெண்டாவதா சம்பாதிக்கிறவங்களும் வயசுப் பசங்களும்தான் அதிகமா குறைச்சாங்க, ஒத்துக்கறேன். ஆனா குறைஞ்சது குறைஞ்சதுதான? அத மறைச்சுட்டு "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா எங்கள மாதிரி ஆளுங்க அடுத்த வரியையே கேக்க மாட்டோம்.

இன்னொண்ணு. பிரிட்டன்ல யுனிவர்சல் க்ரெடிட்னு ஒரு உதவி இருக்கு. 2021 கடைசி வரைக்கும், ஒரு வரம்புக்கு மேல 1 பவுண்டு கூடுதலா சம்பாதிச்சா உதவில 63 பென்ஸ், அதாவது 63 சதம் வெட்டுவாங்க, அப்புறம்தான் 55ஆ குறைச்சாங்க. அந்த நாட்டுல பெரும் பணக்காரங்களுக்கே உச்ச வருமான வரி 45 சதம்தான். அப்ப கூடுதலா ஒரு ஷிஃப்ட் வேண்டாம்னு சொல்றவன நான் சோம்பேறின்னு சொல்ல மாட்டேன், கணக்குத் தெரிஞ்சவன்னு சொல்வேன். திட்டத்த அப்படிப் போட்டவங்கள கேள்வி கேக்கலாமா கூடாதா? என் வரிப்பணம் எங்க போகுதுன்னு கேட்டாலே இரக்கமில்லாதவன்னு முத்திரை குத்தறீங்களே, அதான் எனக்குப் புரியல.

நாலாம்கவுண்டர்:

குறுக்குக்கேள்வி தம்பி, நீங்க கடைசி பத்தில பேசின மாதிரி அந்த மேஜைல பேசினா யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க. அங்க பேசறது அந்த ஆள பத்தி, இங்க நீங்க பேசினது சட்டத்த பத்தி. ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

நான் பல வருஷம் உதவித்தொகை விண்ணப்பம் வாங்கற கவுண்டர்ல இருந்தவ. எந்த ஊர், எந்தத் துறைன்னு கேக்காதீங்க. நான் பாத்தத சொல்றேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் வாயத் தொறந்ததும் முதல்ல மன்னிப்புதான் கேப்பாங்க. "நான் இதெல்லாம் கேக்கற ஆளு இல்ல மேடம், நல்லா இருந்த குடும்பம்"னு ஆரம்பிப்பாங்க. படிவத்துல அப்படி ஒரு கட்டமே கிடையாது, நாங்க கேக்கவும் இல்ல, ஆனா அத சொல்லாம அவங்களால பேனாவ எடுக்க முடியாது. வெளிய நாம பேசற பேச்செல்லாம் அவங்க மண்டைல உக்காந்துக்கிட்டு அங்க பதிலா வருது.

வராதவங்க கணக்கு தனி. ஃபிரான்ஸ்ல ஆர்எஸ்ஏன்னு அடிப்படை வருமான உதவி, தகுதி இருக்கறவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தர் வாங்கறதே இல்ல. பிரிட்டன்ல வயசானவங்களுக்கான பென்ஷன் க்ரெடிட்லயும் கிட்டத்தட்ட அதே கதைதான். சில பேருக்குத் திட்டம் இருக்கறதே தெரியாது, சில பேருக்குப் படிவம் பயம், சில பேருக்கு வெட்கம். சாப்பாட்டு மேஜைல ஏமாத்தி வாங்கறவன பத்தி எவ்வளவோ கேட்டிருக்கேன், வாங்க வேண்டியது வாங்காம இருக்கறவங்கள பத்தி ஒரு பேச்சும் கேட்டதில்ல.

வழிப்போக்கன்77:

எல்லாம் சரிங்க, முதல்ல ஏழைன்னா யாரு? அத யார் முடிவு பண்றது? எங்க அப்பா காலத்துல ஏழைன்னா வேற, இப்ப எல்லார் வீட்லயும் டிவி.

கூட்டல்கழித்தல்:

நல்ல கேள்வி, இதுல பாதி சண்டை இங்கதான் கிடக்கு. உலக வங்கி வெச்சிருக்கற அதீத வறுமைக் கோடு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலர், 2025 ஜூன்ல மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி 2.15, அதுக்கும் முன்னாடி 1.90. இது சந்தை மாற்று விகிதத்துல வர்ற டாலர் கிடையாது, ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கும் ஏத்த மாதிரி வாங்கும் சக்திய வெச்சு சரிக்கட்டினது. கோட்ட நகத்தினா ஒரே ராத்திரில ஏழைங்க எண்ணிக்கை கூடும் இல்ல குறையும், யார் வீட்லயும் அடுப்பு கூடவும் எரியாது குறையவும் எரியாது. அதனால யாராவது "வறுமை இவ்வளவு குறைஞ்சிடுச்சு" இல்ல "இவ்வளவு கூடிடுச்சு"ன்னா எந்தக் கோடு, எந்த வருஷம்னு கேக்கறது நல்லது. 2010ல இருந்து ஐநாவும் ஆக்ஸ்ஃபோர்டும் சேந்து இன்னொரு அளவு போடறாங்க, அது வருமானத்தப் பாக்காது, சத்துணவு, பள்ளிக்கூடம், குடிதண்ணி, கழிப்பறை, சமையல் எரிபொருள்னு 10 விஷயத்தப் பாக்கும்.

அப்புறம் "என் வரிப்பணம்" விஷயத்துக்கு வர்றேன். 2008ல அமெரிக்காவுல சூசன் மெட்லர்னு ஒரு பேராசிரியர் சர்வே எடுத்தாங்க, நீங்க எப்பவாவது அரசாங்க சமூகநலத் திட்டம் எதையாவது பயன்படுத்தியிருக்கீங்களான்னு. வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு வாங்கினவங்கள்ல ஏறக்குறைய 60 சதம் பேர் "இல்லவே இல்ல"ன்னாங்க. அரசு ஓய்வூதியம் வாங்கறவங்கள்லயே ஐஞ்சுல ரெண்டு பேருக்கு மேல அப்படித்தான் சொன்னாங்க. கையில வர்ற காசு உதவி, வரில கழிக்கற காசு நம்ம உரிமை. மேஜைல ஒரு ரவுண்டு கேட்டுப் பாருங்க.

குறுக்குக்கேள்வி:

வரிக்கழிவும் உதவியும் ஒண்ணா? நான் கட்டின பணத்துல கொஞ்சம் எனக்கே திரும்ப வருது, உதவி வாங்கறவருக்கு வர்றது அடுத்தவன் கட்டினது.

கூட்டல்கழித்தல்:

கஜானா பக்கத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணுல வரவேண்டிய காசு வரல, இன்னொண்ணுல இருக்கற காசு வெளிய போகுது. பொருள் வாங்கறப்போ மறைமுக வரி கட்டாத ஏழை எந்த நாட்டுல இருக்கான்னு சொல்லுங்க. ஆனா உங்க மனசுல அது வேறயா தெரியுதுன்னா நான் கட்டாயப்படுத்தல.

பேரு_வேண்டாம்:

இந்த இழைய ஆரம்பத்துல இருந்து படிச்சிட்டிருக்கேன், எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு இப்பதான் எழுதறேன். நான் உதவித்தொகை வாங்கறவன். முதுகுல ஆபரேஷன், பாரம் தூக்கற வேலைக்கு இனிமே போக முடியாது. அனுமதிச்ச அளவுக்குள்ள ஒரு இடத்துல பகுதிநேரமா கணக்கு எழுதறேன், வீட்ல அவங்களும் வேலைக்குப் போறாங்க, எல்லாம் சேந்துதான் வாடகை. மணல்கடிகை சொன்ன அந்த மேஜை மாதிரி ஒண்ணுல நானும் உக்கார்றேன்.

சோம்பேறிங்கற வார்த்தை எனக்குப் பழகிப் போச்சுங்க. பழகாதது ஒண்ணு இருக்கு. ஒரு தடவ ஒருத்தருக்கு என் நிலைமை தெரிஞ்சு போய், "அய்யோ உன்ன சொல்லலப்பா, உனக்கெல்லாம் கண்டிப்பா குடுக்கணும், நான் சொன்னது மத்தவங்கள"ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா வரிசைல என்கூட நிக்கற எல்லார்கிட்டயும் யாரோ ஒருத்தர் இதே மாதிரி "உன்ன சொல்லல"ன்னு சொல்லியிருக்காங்க, நான் கேட்டுப் பாத்திருக்கேன். அப்ப அந்த மத்தவங்க யாரு? இத்தன வருஷத்துல நான் அவங்கள இன்னும் சந்திக்கல.

அடுத்தது பாவம்னு சொல்றது. அது சோம்பேறிய விட மேல்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாவம்னு ஒரு தடவ முடிவு பண்ணிட்டாங்கன்னா அதுக்கப்புறம் நான் எதுக்கும் கோவப்படக் கூடாது, சிரிச்சுப் பேசக் கூடாது, பொண்ணுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கக் கூடாது. பையில என்ன இருக்குன்னு எட்டிப் பாப்பாங்க. அந்த ஃபோன் விஷயம் சொன்னீங்களே, என் ஃபோன் நான் முழுநேரமா சம்பாதிச்சப்போ வாங்கினது, இப்ப அதுலதான் அலுவலகத்துல இருந்து மெசேஜ் வருது, ரகசிய எண் வருது, எந்தத் தேதிக்கு எந்தக் காகிதம் கொண்டு வரணும்னு வருது. அத வித்துட்டா உதவித்தொகையே நின்னுடும், அப்புறம் நான் ஒழுங்கான ஏழையா ஆயிடுவேன் போல.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு என்னை வெச்சு தன்னம்பிக்கை பேச்சு பேசாதீங்க. இவ்வளவு கஷ்டத்துலயும் எப்படி உழைக்கிறார் பாருங்கன்னு சொன்னா, என்ன மாதிரி உழைக்க முடியாதவன அதே வாயில திட்டற மாதிரிதான் ஆகுது.

மணல்கடிகை:

நீங்க எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. ஒண்ணு கேக்கலாமா, பதில் சொல்ல விருப்பம் இல்லைன்னா விட்டுடுங்க. அந்த மாதிரி பேச்சு ஓடறப்போ பக்கத்துல இருக்கறவங்க என்ன செஞ்சா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?

குறுக்குக்கேள்வி:

நானும் ஒண்ணு கேக்கறேன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஏமாத்தி வாங்கறவங்களே இல்லையா? நேராவே கேக்கறேன், ஏன்னா இத கேட்டாலே எல்லாரும் என் மேல பாயறாங்க, பதில் மட்டும் வர மாட்டேங்குது.

பேரு_வேண்டாம்:

இருக்காங்க தம்பி. எனக்குத் தெரிஞ்சே ஒருத்தன் இருக்கான். அவன் மேல உங்களுக்கு எவ்வளவு கோவமோ அதவிட எனக்கு அதிகம், அவன மாதிரி ஆளுங்களாலதான் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு முதுகு இன்னும் வலிக்குதான்னு கேக்கறாங்க. நீங்க கேட்டதுல தப்பே இல்ல. ஆனா ஒரு இடத்துல நாலு பேர் கடன வாங்கிட்டு ஓடிட்டாங்கன்னு கடன் வாங்கின எல்லாரையும் யாரும் திருடன்னு சொல்றதில்லையே, அங்க மட்டும் எப்படி வித்தியாசம் தெரியுது?

மணல்கடிகை, உங்க கேள்விக்கு யோசிச்சுச் சொல்றேன், இப்ப வேலைக்குப் போகணும்.

நாலாம்கவுண்டர்:

ஏமாத்தறது பத்தி நான் கொஞ்சம் சேக்கறேன். கவுண்டர்ல நாங்க பாத்த தப்புல பெரும்பாலானது தவறுதல்தான். வீடு மாறினத சொல்ல மறந்தது, சம்பளம் ஒரு மாசம் கூடினத எழுதாதது, சில நேரம் எங்க பக்கமே தப்பா டைப் அடிச்சது. வெளிய பேசறப்போ இது எல்லாமே மோசடிங்கற ஒரே மூட்டைக்குள்ள போயிடுது.

இந்தப் பேச்சு மேஜையோட நின்னா பரவால்லைங்க, நிக்கறதில்ல. அது தேர்தல் மேடைக்குப் போகும், அங்கிருந்து சட்டத்துக்குப் போகும். நெதர்லாந்துல குழந்தைப் பராமரிப்பு உதவில மோசடிய ஒழிக்கறோம்னு ஆரம்பிச்சு, ஒரு கையெழுத்து விட்டுப் போன சின்னத் தப்புக்கெல்லாம் மொத்த உதவியையும் திருப்பிக் கட்டுன்னு ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு நோட்டீஸ் போட்டாங்க. ரெட்டைக் குடியுரிமை இருந்தா சந்தேகப் பட்டியல்ல சேத்தாங்க. வீடு போச்சு, குடும்பம் பிரிஞ்சுச்சு. கடைசில 2021 ஜனவரில அரசாங்கமே ராஜினாமா பண்ணுச்சு. ஆஸ்திரேலியாவுல 2016ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் முறை. வருஷ வருமானத்த ரெண்டு ரெண்டு வாரமா சராசரி போட்டு, நீ அந்த வாரம் வேலைல இருந்த, ஆனா உதவியும் வாங்கின, கடன கட்டுன்னு லட்சக்கணக்கான பேருக்குக் கடிதம் அனுப்புச்சு. அரை வருஷம் மட்டும் வேலை பாத்தவனுக்கு இந்த சராசரி எப்படிப் பொருந்தும்? ஆனா இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அவன். அது சட்டவிரோதம்னு 2019ல அரசே கோர்ட்ல ஒத்துக்கிச்சு, 2023ல விசாரணை ஆணையம் அறிக்கை குடுத்துச்சு. அந்தக் கடிதம் வந்தவங்கள்ல சில பேர் உயிரையே விட்டுட்டாங்க.

ரெண்டு நாட்லயும் அதிகாரிங்க மட்டும் கொடூரமானவங்கன்னு நான் நினைக்கல, நானும் அந்த நாற்காலில இருந்தவதான். எல்லாரும் ஏமாத்தறாங்கன்னு ஊரே நம்பறப்போ, ஒரு ஃபைல்ல "இது தவறுதலா இருக்கலாம்"னு எழுதறதுக்கே தனி தைரியம் வேணும்.

ஓரக்குறிப்பு:

பத்திரிகை டெஸ்க்ல வேலை பாத்தவன் பேசறேன். இங்க ஒரு பதில்ல கூட வராதது ஒண்ணு இருக்கு. "ஒரு ஏழையோட கதைய சொல்லு, மனசு மாறும்"னு எல்லாரும் நம்பறோம், எங்க டெஸ்க்லயும் அதான் மந்திரம், முகம் வேணும், கண்ணீர் வேணும். ஆனா ஷாந்தோ ஐயங்கார்னு ஒரு ஆராய்ச்சியாளர் 80கள்ல அமெரிக்காவுல டிவி செய்திய வெச்சு சோதனை செஞ்சாரு. வறுமைய ஒரு தனி ஆளோட கதையா காட்டினா பாத்தவங்க அந்த ஆள்தான் தன் நிலைமைக்குப் பொறுப்புன்னு சொல்றது கூடுச்சு, வேலையின்மை, விலைவாசி, கொள்கைன்னு பொதுவா காட்டினா சமூகமும் அரசாங்கமும் பொறுப்புன்னு சொன்னாங்க. அதாவது நாங்க இரக்கம் வரும்னு நினைச்சு வெச்ச முகத்தப் பாத்து ஜனங்க, இவ ஏன் அந்த வேலைய விட்டா, இவன் ஏன் இத்தன பிள்ளை பெத்தான்னு துப்பறிய ஆரம்பிச்சிடறாங்க.

எதிர்ப்பக்கக் கதை ஒட்டிக்கற வேகம் பாக்கணுமா, 1976 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் பிரசாரத்துல ரீகன் சிகாகோல ஒரு பொம்பள 80 பொய்ப் பேர் வெச்சு உதவி வாங்கறான்னு மேடைக்கு மேடை சொன்னாரு. அப்ப அந்தம்மா மேல இருந்த வழக்குல 4 பொய்ப் பேர், 8,000 சொச்சம் டாலர்தான். குற்றம் நடந்தது நெசம். ஆனா ஒரு குற்றவாளி ஒரு நாட்டோட ஏழைங்க எல்லாருக்கும் முகம் ஆயிட்டா, இன்னிக்கும் அது கழுவிப் போகல.

கேள்விய எப்படிக் கேக்கறோம்கறதும் இருக்கு. அமெரிக்காவுல ஒரு பெரிய பொது சர்வேல பல வருஷமா பாதிப் பேர்கிட்ட "வெல்ஃபேர்"க்கு (அரசு நல உதவிக்கு அங்க சொல்ற பேரு) அரசு செலவு பண்றது குறைவா அதிகமான்னும், மீதிப் பேர்கிட்ட "ஏழைகளுக்கு உதவி"ன்னும் கேக்கறாங்க. ரெண்டாவதுக்குக் கிடைக்கற ஆதரவு ரெண்டு மடங்குக்கும் மேல. அதே நாடு, அதே வருஷம்.

குறுக்குக்கேள்வி:

அப்ப கதையும் சொல்லக்கூடாது, புள்ளிவிவரமும் வேலைக்காகாது. வேற என்னதான் சொல்றது, வாய மூடிக்கறதா?

ஓரக்குறிப்பு:

கதை சொல்லலாம், ஆனா எங்க நிறுத்தறோம்னு பாக்கணும். பேரு_வேண்டாம் எழுதினத திரும்பப் படிங்க. அவர் முதுகு வலி ஒரு வரிதான், மீதி பூரா வரிசை, மெசேஜ், காகிதம், பகுதிநேர அளவு. அத படிச்சிட்டு இவர் ஏன் இப்படி இருக்காருன்னு கேக்கத் தோணல, அந்த அலுவலகம் ஏன் இப்படி இருக்குன்னுதான் கேக்கத் தோணுச்சு, எனக்கு.

பழம்பானை:

இடையில ஒரு பழைய விஷயம். இங்கிலாந்துல 1697ல ஒரு சட்டம், ஊராட்சி உதவி வாங்கற ஏழைங்க வலது தோள்ல சிவப்பு இல்ல நீலத் துணில "P"ங்கற எழுத்தத் (ஏழைங்கறதுக்கான "pauper"ங்கற வார்த்தையோட முதல் எழுத்து) தெச்சுப் போட்டுக்கணும். 1834ல வந்த சட்டம், உதவி வாங்கறவன் நிலைமை மிகக் கீழ்நிலை கூலிக்காரன விட மோசமாத்தான் இருக்கணும்ங்கறத கொள்கையாவே வெச்சுச்சு. அமெரிக்காவுல உணவு உதவிக்கு ரொம்ப காலம் தனியா காகிதக் கூப்பன், கடைக் கல்லாவுல நீட்டினா பின்னாடி நிக்கறவங்களுக்கெல்லாம் தெரியும். 2004 வாக்குல எல்லா மாநிலத்துலயும் அத வங்கி அட்டை மாதிரி அட்டையா மாத்தி முடிச்சாங்க. வெட்கத்த ஒரு சட்டம் தெச்சு வெக்கவும் முடியும், ஒரு அட்டை குறைக்கவும் முடியும்.

பிரிட்டன், நார்வே, இந்தியா, பாகிஸ்தான், சீனா, தென்கொரியா, உகாண்டா 7 நாட்டு ஏழைங்ககிட்ட ராபர்ட் வாக்கர்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு பேசிப் பாத்தாங்க, 2013ல கட்டுரை வந்துச்சு. நார்வே ஏழைக்கும் உகாண்டா ஏழைக்கும் கையில இருக்கறதுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், வெட்கம் மட்டும் ஒண்ணா இருந்துச்சு.

கூட்டல்கழித்தல்:

ஃபோன், டிவி வாதத்துக்கு இதோட ஒட்டிச் சொல்லிடறேன். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776லயே எழுதிட்டாரு, லினன் சட்டை உயிர் வாழத் தேவையில்ல, ஆனா தன் காலத்துல அது இல்லாம வெளிய வர ஒரு கூலிக்காரன் கூட வெட்கப்படுவான், அதனால அது அத்தியாவசியம்னு. இன்னிக்கு லினன் சட்டை இடத்துல ஃபோன்.

நெடுந்தூரம்:

முழுசா படிக்கல. வறுமைக்குக் காரணம் மக்கள்தொகை. அத குறைக்காம என்ன பேசினாலும் வேஸ்ட். இலவசம் குடுத்துக் குடுத்துதான் இந்த [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்:

நெடுந்தூரம், ஒரு குறிப்பிட்ட மக்கள இழிவா சொன்ன வரிய நீக்கியிருக்கேன். மக்கள்தொகைக்குத் தனி இழை இருக்கு. படிச்சிட்டு வாங்க, கதவு திறந்துதான் இருக்கு.

பேரு_வேண்டாம்:

மணல்கடிகை, கேட்டிருந்தீங்களே, யோசிச்சேன். எனக்காக யாரும் வாதாட வேணாம். யாராவது பெரிசா எனக்கு ஆதரவா பேச ஆரம்பிச்சா மேஜைல எல்லாரும் யார் அந்த ஆளுன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்களோன்னு வயிறு கலங்கும். ஒரு தடவ ஒருத்தங்க சாதாரணமா, "எந்தத் திட்டத்த சொல்றீங்க, அது வாங்க என்னென்ன காகிதம் கேக்கறாங்கன்னு தெரியுமா, எங்க சித்திக்கு அலைஞ்சு பாத்தேன், போதும் போதும்னு ஆயிடுச்சு"ன்னாங்க. அப்புறம் பேச்சு அப்படியே வருமானச் சான்று, பிறப்புச் சான்று, சர்வர் வேலை செய்யாததுன்னு போயிடுச்சு. ஆளாளுக்கு ஒரு அலுவலகக் கதை இருந்துச்சு. நானும் ஒண்ணு சொன்னேன், யாருக்கும் சந்தேகம் வரல.

மணல்கடிகை:

இதையே நான் போன வாரம் முயற்சி பண்ணிப் பாத்தேன், என்ன ஆச்சுன்னு சொல்றேன், பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. சும்மா உக்காந்து சாப்பிடறாங்கன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு, நான் "எந்தத் திட்டம்ங்க, மாசம் எவ்வளவு வருது"ன்னு மட்டும் கேட்டேன். அவருக்குத் தெரியல. பக்கத்துல இருந்தவர் எங்கம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் வருதே, அது ஒரு வாரத்துக்குத்தான் காணும்னாரு. முதல் ஆள் உடனே "அது வேற, அது நியாயமானது"ன்னாரு. அப்ப எது நியாயமில்லாததுன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, உடம்பு நல்லா இருந்தும் வேலைக்குப் போகாதவங்களுக்குக் குடுக்கறதுன்னாரு. சரி அப்படி யாருக்குக் குடுக்கறாங்கன்னு தேடினா ரெண்டு பேருக்கும் ஒரு திட்டம் பேர் கூட வரல. அவர் மனசு மாறலைங்க, மறுநாள் வேற ஏதோ அனுப்பினாரு க்ரூப்புல. ஆனா அன்னிக்கு அந்தப் பேச்சு ஆளுங்கள விட்டுட்டுத் திட்டத்துக்குப் போச்சு, எந்திரிச்சுப் போறவர் அன்னிக்கு எந்திரிக்கல.

அவர்கிட்ட தனியா ஏதாவது சொல்லலாமா? எனக்குத் தெரியும், கவலைப்படாதீங்கன்னு?

பேரு_வேண்டாம்:

வேணாம். அவரா சொல்லாத வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நாலாம்கவுண்டர்:

நானும் அதேதான். ஒருவேள ஏதாவது புதுத் திட்டம், கடைசித் தேதின்னு உங்க கண்ணுல பட்டா, எல்லாரும் இருக்கற க்ரூப்புல பொதுவா போடுங்க. "யாருக்காவது பயன்படும்"னு கூட எழுத வேணாம், வானிலைச் செய்தி மாதிரி போட்டுட்டுப் போயிடுங்க.

குறுக்குக்கேள்வி:

என் பக்கம் சொல்லிடறேன். வேலை செய்ய முடிஞ்சவங்களுக்கு நிபந்தனை வெக்கணும்கறதுல நான் மாறல. மெக்சிகோல 1997ல ஆரம்பிச்ச திட்டத்துல பிள்ளைங்கள பள்ளிக்கு அனுப்பினாத்தான், மருத்துவப் பரிசோதனைக்குப் போனாத்தான் பணம், அதுல பிள்ளைங்க படிப்பு கூடவும் செஞ்சுச்சு. நிபந்தனைன்னாலே அவமானம்னு பேசறத நான் ஏத்துக்க மாட்டேன்.

நாலாம்கவுண்டர்:

ஏத்துக்க வேண்டாம். நிபந்தனை வெக்கறவங்க அந்த ஊர்ல பள்ளிக்கூடமும் டாக்டரும் இருக்கறதயும் பாத்துக்கணும், அதான் என் ஒரே நிபந்தனை. பிள்ளை பள்ளிக்கு வரலைன்னு பணத்த வெட்டச் சொல்லி ஃபைல் வரும், பாத்தா வாத்தியாரே வந்திருக்க மாட்டாரு.

குறுக்குக்கேள்வி:

அது சரி, அதுல எனக்கு சண்டை இல்ல. இன்னொண்ணு, அந்த 63 பென்ஸ் கணக்கு மாதிரி, வேலைக்குப் போனா எந்த நாட்டுல எவ்வளவு வெட்டறாங்கன்னு ஒரே இடத்துல பாக்க முடியுமா? அடுத்த தடவ மேஜைல சோம்பேறின்னு எவனாவது ஆரம்பிச்சா அந்தக் கணக்க நானே எடுத்து விடறேன்.

கூட்டல்கழித்தல்:

இருக்கு. பெரும்பாலும் வளர்ந்த நாடுங்க சேந்த ஓஇசிடி அமைப்போட தளத்துல வரியும் உதவியும் சேத்துக் கணக்குப் போடற கணிப்பான் ஒண்ணு இலவசமா வெச்சிருக்காங்க. நாடு, குடும்பத்துல எத்தன பேர், சம்பளம் எவ்வளவுன்னு குடுத்தா வேலைக்குப் போறதால கையில எவ்வளவு மிஞ்சும்னு காட்டும். பெரும்பாலும் அவங்க உறுப்பு நாடுங்கதான் இருக்கும், மத்த நாட்டுக்கு நாமளே உக்காந்து போட்டாத்தான் உண்டு. தனி இழை ஆரம்பிங்க, நான் வர்றேன்.